மக்கும் நாய்க் கழிவுப் பை: வாங்கலாமா?

இணையக் கடைகளில் ‘மக்கும் தன்மையுள்ளது’ என்ற அடையாளத்துடன் விற்கப்படும் நாய்க் கழிவுப் பைகளைச் சில மாதங்களாகச் சென்னையில் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சுருளில் 15 பைகள் இருக்கின்றன. சுருளை வைத்துக்கொள்ள எலும்பு வடிவில் ஒரு சிறு கூடும், அதை நாயின் கயிற்றில் மாட்ட ஒரு கொக்கியும் உடன் வருகின்றன. சாதாரண நெகிழிப் பைச் சுருளைவிட விலை கூடுதல்.

பையின் அடிப்படை வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. உள்ளே கையை விட்டு, அள்ளி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி முடிச்சிட்டால் விரலில் எதுவும் படுவதில்லை. நாய்க்கு வயிறு சரியில்லாத நாளில் எந்தப் பையும் உதவாது. பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து எடுத்துச் சென்று அடியில் செருகுவதே வழி. சோள மாவுச்சத்து கலந்த இப்பைகள் சென்னையின் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த முனை திறக்கும் என்று காட்டும் அம்புக்குறியை வெளிர்ப் பச்சையில் அச்சிட்டிருப்பதால், விடியற்காலை இருட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடும் நாயும் மறுகையில் திறக்க மறுக்கும் பையுமாக நடைபாதையில் நிற்க நேர்கிறது. லாவெண்டர் மணமூட்டிய வகையை வாங்கவே வேண்டாம். நாற்றத்தோடு அந்த மணமும் சேர்ந்தால் குமட்டல்தான் மிச்சம்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘மக்கும்’ என்ற உறுதிமொழியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய பைகளுக்கான தர அளவுகோல் ஐ.எஸ். 17088, இவற்றைத் தயாரித்து விற்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி பை மக்குவதற்கான சோதனை, ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் உரக் குவியலின் சூழலில் நடத்தப்படுகிறது. தெருவோர மரத்தடியிலோ மழைநீர் வடிகாலிலோ அந்தச் சூடு கிடையாது. ஆனால் எங்கள் பகுதியில் முடிச்சிட்ட பச்சைப் பைகள் மதில்மேலும், மரத்தைச் சுற்றிய கம்பிக்கூண்டிலும், வடிகால் வாயிலும் கிடக்கின்றன. அள்ளாமலே போகிறவரைக் கண்டால் நாலு பேர் கேட்கவாவது செய்வார்கள். அள்ளிக் கட்டி அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர் கடமை முடிந்ததென்று நிமிர்ந்து நடக்கிறார். அட்டையிலுள்ள ஒரு சொல் அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்திருக்கிறது.

அன்றன்றே அள்ளுவதற்கு அருவருப்பைத் தாண்டிய காரணம் உண்டு. நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை, மலத்தோடு வெளிவந்தவுடன் நோயைத் தொற்றவைக்காது. அந்த நிலையை அடைய அதற்கு மண்ணில் பொதுவாகச் சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் அதன்பின் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கக்கூடும். கொக்கிப்புழுவுக்கு அவ்வளவு காலம்கூட வேண்டியதில்லை: வெதுவெதுப்பான ஈர மண்ணில் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் பருவத்தை அடைந்துவிடுகிறது. மழை பெய்து ஓய்ந்த விளையாட்டு மணலில் குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுவதை நினைத்துப் பார்த்தால், பையின் விலை பெரிதாகத் தெரியாது.

அள்ளியதை எங்கே போடுவது? சமையலறைக் கழிவோடு பச்சைத் தொட்டியில் போட்டால் அது உரமாகப் போகும் குப்பையைக் கெடுக்கிறது. பிரிப்பவரின் கையிலும் படுகிறது. பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீட்டில், மலத்தை மட்டும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, பையைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுப்பதே நான் கண்டவற்றுள் தூய்மையான முறை. மக்கும் பை என்பதற்காக அதையும் கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், “கவர் மேல நாய் படம் போட்டிருந்தா பிரிக்காமலே தெரிஞ்சுக்குவோம் சார், வெறும் கறுப்புக் கவருன்னா கைய விட்டுத்தான் பாக்கணும்” என்றார். தயாரித்தவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திராத இந்த ஒரு பயனுக்காகவே படம் அச்சிட்ட பைக்கு நான் கூடுதலாக ஒரு மதிப்பெண் தருவேன்.

நீண்ட பிடியும் கவ்வும் வாயும் கொண்ட அள்ளும் கருவியையும் பயன்படுத்தினேன். குனிய முடியாத முதியவர்களுக்கு அது உதவும். ஒவ்வொரு முறையும் அதைக் கழுவ வேண்டியிருப்பது தனி வேலை.

வாங்குவோர் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துச் சிறிய கட்டாக வாங்குவது நல்லது, ஏனெனில் இவ்வகைப் பைகள் நாட்பட வலுவிழந்து அடியில் கிழிகின்றன. கூட்டைக் கயிற்றிலிருந்து கழற்றாமல் நிரந்தரமாக மாட்டி வைக்கவும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயை நடத்திச் செல்பவர் பெரும்பாலும் காவலாளியோ வீட்டுவேலைக்கு வருபவரோதான். அவரிடம் கயிற்றைக் கொடுக்கும் முதலாளி பையைக் கொடுக்க மறந்துவிட்டு, தெருவில் திட்டை மட்டும் அவருக்கு வாங்கித் தருகிறார்.