பைக்கா, பவர் பேங்க்கா, மாற்று பேட்டரியா? வெளிவேலையில் டேப்புக்குச் சார்ஜ் ஏற்றும் கதை

நெல்லை மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் ஒரு தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், நிலம் அளந்துகொண்டிருந்தோம். மதியம் டேப்பில், அதாவது டேப்லெட்டில், 11 சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். பைக் பக்கத்திலேயே நின்றது, ஹேண்டில்பாரில் சார்ஜர் மாட்டியிருந்தேன், வயரைச் செருகினேன். ஏறுகிற அடையாளம் வந்தது. இரண்டே நிமிடத்தில் சூடு அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது என்று திரை சொல்லிவிட்டது. கரண்டு கையில் இருக்கிறது, டேப்தான் வாங்கமாட்டேன் என்கிறது. வடலிப் பனை நிழலில் அதை ஆறவைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. கரண்டு எங்கிருந்து வரும் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். அது ஏறும் நேரத்தில் டேப் எங்கே கிடக்கும் என்று யோசித்ததே இல்லை.

வெளிவேலைக்கென்று விற்கும் முரட்டு டேப்புகள் தூசு தாங்கும், தண்ணீர் தாங்கும், கை நழுவி விழுந்தாலும் தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது செல்போனில் இருக்கும் அதே லித்தியம் அயான் பேட்டரி. அதற்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கிற நாளில், வெயிலில் கிடக்கும் கறுப்பு உறை அந்த வரம்பைத் தாண்ட வெகு நேரம் ஆகாது. திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, சார்ஜும் ஏறினால் மூன்று சூடும் ஒன்றுசேரும். கீழே சொல்லும் வழிகளை எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் பைக். நம்மில் முக்கால்வாசிப் பேர் தொடங்குவது இங்கேதான். மலிவு, எப்போதும் கூடவே இருக்கும். குறை என்னவென்றால், சாதாரண யுஎஸ்பி சார்ஜர் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் தரும். வேலை செய்துகொண்டிருக்கும் டேப் அதில் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடும், சதவீதம் நகராது. வண்டியின் ஆட்டம் இன்னொரு கேடு. களக்காட்டுப் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு மாதம் செருகியபடியே ஓட்டியதில் என் பழைய டேப்பின் டைப் சி வாய் தளர்ந்துபோனது. பிரித்து மாற்றியாகிவிட்டது, ஆனால் ஒருமுறை பிரித்த டேப் பழையபடி தண்ணீர் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வயரிங். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரை இழுத்து, பியூஸ் இல்லாமல் முடிச்சுப் போட்டுத் தருகிற கடைகள் உண்டு. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் உரசி உரசித் தோல் போய்விடும். செம்பு வண்டியின் இரும்பில் பட்டால் தீதான். பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாணுக்குள் சின்ன பியூஸ் ஒன்று, சாவியைத் திருகினால் மட்டும் உயிர் பெறும் இணைப்பு, இரண்டும் கட்டாயம். கடைக்காரர் 'அதெல்லாம் தேவையில்லை' என்றால் வேறு கடை பாருங்கள்.

ஜீப்பும் காரும் பைக்கைவிட மேல். லைட்டர் சாக்கெட்டில் நல்ல பி.டி. சார்ஜர் (டேப் கேட்கும் வோல்ட்டைத் தரும் வேகச் சார்ஜர்) போட்டால் 9 அல்லது 15 வோல்ட்டில் டேப்புக்கு வேண்டியது கிடைக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் தடுமாறும் என்பதால் ஸ்டார்ட் செய்த பிறகு செருகுவது என் பழக்கம். லாரியில் ஏற்றிப்போகிறவர்கள் அங்கே 24 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம், 12 மட்டும் எழுதியிருக்கும் சார்ஜர் அதில் பிழைக்காது. டேஷ்போர்டில் மட்டும் டேப்பை வைக்காதீர்கள், மூடிய வண்டியில் அந்த இடம் 60 டிகிரியைத் தாண்டும். நாள் முழுக்க வண்டியிலேயே வேலை என்றால் டேப்பின் வெளிப்புறத்தில் இருக்கும் உலோகப் புள்ளிகளைத் தொட்டே கரண்டு தரும் ஸ்டாண்டு நல்லது, டைப் சி வாய் தப்பிக்கும். சாம்சங் டேப் ஆக்டிவ் 3 போன்ற சிலவற்றில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டிக் கரண்டிலேயே ஓட்டலாம். எப்போதும் செருகியே கிடந்து பேட்டரி உப்பிப்போகும் தொல்லை அதில் கிடையாது.

சரி, பவர் பேங்க்குக்கும் மாற்று பேட்டரிக்கும்தான் உண்மையான போட்டி. 20,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட் அவர். வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது 12,000, 13,000தான் தேறும். அதே அட்டையில் சின்ன எழுத்தில் அதையும் போட்டிருப்பார்கள். 5,050 எம்.ஏ.எச். டேப்பை இரண்டரை முறை நிரப்பலாம். 7,600 என்றால் இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவு. வாங்கும்போது ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் பைக் சார்ஜர் தேரியில் என்னைக் கைவிட்ட அதே இடத்தில்தான் பவர் பேங்க்கும் நிற்கிறது: ஏறும்போது டேப் சூடாகும். மாற்று பேட்டரிக்கு அந்தப் பேச்சே இல்லை. வீட்டில் ராத்திரி காற்றாடிக்குக் கீழே நிரப்பியதை மதியம் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் நூறு சதவீதம். காசு அதிகம், எல்லா டேப்பிலும் கழற்ற முடியாது, இரண்டும் சரிதான். எங்கள் ஊருக்கென்று ஒரு குறையும் உண்டு. பின்மூடியின் ரப்பரில் தேரி மண் ஒரு துணுக்கு ஒட்டினாலும் தண்ணீர் உள்ளே போக வழி. ஆடிக் காற்றில் அந்தச் செம்மண் எங்கேதான் நுழையாது! தோள்பைக்குள் கையை விட்டுத்தான் நான் பேட்டரி மாற்றுகிறேன், ரப்பரைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு.

ஆகவே என் ஏற்பாடு இது: டேப்புக்கு மாற்று பேட்டரி, பைக் சார்ஜருக்குப் பவர் பேங்க். வண்டி ஓடும்போது பவர் பேங்க் தோள்பைக்குள் நிரம்பட்டும். அதுவும் லித்தியம்தான், டேங்க் மேல் வெயிலில் வைக்கக் கூடாது.

பம்புசெட்டு ரூம் பிளக்கை நான் தொடுவதில்லை. மூன்று பேஸில் ஒன்று போனால் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவது நம் பக்கம் சகஜம். அப்போது அந்த பிளக்கில் என்ன வோல்டேஜ் என்று யார் சொல்வது? நியூட்ரல் கழன்றால் 230 வர வேண்டிய இடத்தில் 400ஐ ஒட்டி வரும். தரையும் ஈரம். அதற்கு டீக்கடை எவ்வளவோ தேவலை. "அண்ணாச்சி, சார்ஜ் போட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டால், "போட்டுக்கிடுங்க தம்பி" என்று பெஞ்சையும் தள்ளிப்போடுவார்கள். நம் சொந்த சார்ஜரைத்தான் போட வேண்டும், அங்கே தொங்கும் வயரை அல்ல.

சோலார் தகட்டை ஆசையாக வாங்கினேன். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தேரியிலும் பனங்காட்டிலும் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் ஒரு கடைத்தெரு வந்துவிடுகிறது. பிளக்கே இல்லாத முண்டந்துறைக் காட்டுக்குள் போனால் மரம் வெயிலை விடுவதில்லை. தகடு சூடாக ஆக அதன் விளைச்சலும் குறையும். மேகம் ஒன்று கடந்தால் டேப் சார்ஜை விட்டு விட்டு வாங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவே இருட்டில் கிடந்த நாட்களில்தான் அது பிழைப்புக்கு உதவியது, அதுவும் மழை விட்ட பிறகு, பவர் பேங்க்கை நிரப்ப.

தென்காசிப் பக்கம் சாரலில் வேலை என்றால் இன்னொன்று. டேப் தண்ணீர் தாங்கும் என்பது எதுவும் செருகாதபோது. நனைந்த வாயில் கரண்டு ஏறினால் பின்கள் அரித்துவிடும். வாயைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, காற்றில் காயவிட்டு, அப்புறம்தான் வயரை எடுக்கிறேன். ஊதி உலர்த்தப் பார்க்காதீர்கள், எச்சில்தான் உள்ளே போகும்.