பவுண்டரி லேப்பில் திறந்த மெட்டீரியல்ஸ் கருவிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவைப் பக்கம் எஸ்.ஜி. அயர்ன் (உள்ளே கிராஃபைட் உருண்டைகளாக இருக்கும் வார்ப்பிரும்பு) வார்க்கும் ஒரு பவுண்டரியில் மெட்டலர்ஜி லேப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உலகெங்கும் உள்ள மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்களும் பொருளறிவியல் ஆராய்ச்சியாளர்களும் இணையத்தில் சேர்ந்து கட்டிவைத்திருக்கிற தரவுத்தளங்களையும் இலவச மென்பொருள்களையும் பல வருடமாக இந்த லேப்பில் புழங்கி வருகிறேன். இமேஜ்ஜே, மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட், பைகால்ஃபாட், சி.ஓ.டி. ஆகிய நான்கையும்தான் அதிகம் தொடுகிறேன். "இதெல்லாம் பி.எச்டி. பண்றவங்களுக்குத்தானுங்களே, நமக்கு எதுக்கு?" என்று நம் தொழிலில் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டு உழைப்பில் நமக்குக் கிடைக்கும் எண்கள் நல்லவைதான். ஆனால் அந்த எண் எந்த நிலைமையில், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் நமக்குச் சோறு போடுகிறது. அந்தக் குறிப்பு இல்லாத தரவை நான் இப்போதெல்லாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இமேஜ்ஜேயிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் வேய்ன் ராஸ்பாண்ட் 1997-இல் வெளியிட்ட மென்பொருள் இது. உயிரியல்காரர்களுக்காகப் பிறந்தது, செல்களை எண்ணும் கருவி நமக்கு கிராஃபைட்டை எண்ணித் தருகிறது. எங்களுக்கு இதில் முக்கிய வேலை நாடுலாரிட்டி, அதாவது கிராஃபைட்டில் எத்தனை சதவீதம் உருண்டையாக வந்திருக்கிறது என்பது. காலங்காலமாக சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு, "85 இருக்கும்" என்று எழுதுவதுதான் வழக்கம். காலை ஷிப்ட் ஆள் 85 என்று எழுதியதை இரவு ஷிப்ட் ஆள் 90 என்பார். இருவரும் நேர்மையானவர்கள்தான், கண்தான் வேறு வேறு.

இமேஜ்ஜேயில் படத்தைத் திறந்து, ஸ்கேல் கொடுத்து, 8-பிட் ஆக்கி, த்ரெஷோல்டு போட்டு (அதாவது துகளையும் பின்னணியையும் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து), 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்' கொடுத்தால் ஒவ்வொரு துகளுக்கும் பரப்பு, சுற்றளவு, ஃபெரெட் விட்டம் (துகளின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரையான நீளம்) எல்லாம் அட்டவணையாக வந்து விழும். கவனம் தேவைப்படுவது இதற்கு அப்புறம்தான். அட்டவணையில் 'சர்குலாரிட்டி' என்று ஒரு பத்தி இருக்கும், 'ரவுண்ட்' என்று இன்னொன்று இருக்கும். முதலாவது சுற்றளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது; நாட்யூலின், அதாவது கிராஃபைட் உருண்டையின், ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலே மதிப்பு இறங்கிவிடும். இரண்டாவது துகளின்மேல் பொருத்திப் பார்த்த நீள்வட்டத்திலிருந்து வருவது. ஏ.எஸ்.டி.எம். இ2567 என்ற சோதனைத் தரநிலை கேட்பது இந்த இரண்டும் அல்ல. துகளின் அதிகபட்ச ஃபெரெட் விட்டத்தை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் பரப்பில் துகளின் பரப்பு எவ்வளவு பங்கு என்று அது கேட்கிறது. பங்கு 0.60-க்குக் குறையாமல் இருந்தால் நாட்யூல். 10 மைக்ரானுக்குச் சின்னதாக இருப்பவை கணக்கிலேயே வராது. ஆக, பரப்பை நான்கால் பெருக்கி, பை மடங்கு ஃபெரெட் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எக்ஸெலில் ஒரே ஒரு பத்தி கூடுதல், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை எனக்குப் பிடிபட வைத்தது முகம் தெரியாத ஒருவர் பகிர்ந்திருந்த சின்ன மேக்ரோ. நீளம் ஒரு பக்கம்கூட வராது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் ஃபெரெட் எடுக்கிறோம், ஏன் ஓரத்தைத் தொடும் துகளை விடுகிறோம், படம் எட்ச் செய்யாததாக (அமிலத்தால் அரிக்காத மாதிரியின் படமாக) இருக்க வேண்டும், ஒரு பிக்சலுக்கு எத்தனை மைக்ரான் என்று எழுதியிருந்தார். பின்னால் ஒரு கஸ்டமர் லேப் கொடுத்த நாடுலாரிட்டியும் எங்களுடையதும் ஒத்துவராமல் ஒரு லாட் ஹோல்டில் நின்றபோது இதுதான் கைகொடுத்தது. ஒரே படத்தை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தோம். அவர்கள் மென்பொருள் சர்குலாரிட்டியை எடுத்திருந்தது, நாங்கள் ஃபெரெட் கணக்கு. முறையைச் சமமாக்கியதும் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன, லாட்டும் கிளம்பியது. மெட்டல் சரியில்லை என்று இரண்டு தரப்பும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய விஷயம் அது.

அடுத்தது மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிறிஸ்டின் பெர்சன் தலைமையில் 2011-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில்தான் அமெரிக்க அதிபர் ஒபாமா மெட்டீரியல்ஸ் ஜீனோம் முன்முயற்சியை அறிவித்தார். புதுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவரும் காலத்தைப் பாதியாக்கி, செலவையும் பெருமளவு குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கணினியில் கணக்கிட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பண்புகள் இதில் இருக்கின்றன. கணக்கு தொடங்கிக்கொண்டால் போதும், காசு கிடையாது. தரவைப் பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

எங்கள் லேப்பில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் முதன்முதலில் இதில் செமன்டைட்டை (இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு) தேடிவிட்டு என்னிடம் வந்தார். "சார், நம்ம செமன்டைட்டை ஸ்டேபிள் இல்லைன்னு காட்டுதே, தப்பா இருக்குமோ?"

"தப்பில்லைம்மா, சரியாத்தான் சொல்லுது. நேரம் கொடுத்தா அது இரும்பும் கிராஃபைட்டுமா பிரிஞ்சுடும். மெல்லிசு செக்‌ஷன்ல நாமதான் அதுக்கு நேரமே கொடுக்கறதில்லை."

பவுண்டரிக்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சுத்தமான இரும்பு-கார்பனில் கிராஃபைட் யூடெக்டிக் (உருகிய உலோகம் இரண்டு திடப்பொருள்களாகச் சேர்ந்து உறையும் வெப்பநிலை) சுமார் 1153 டிகிரியில், கார்பைடு யூடெக்டிக் சுமார் 1147 டிகிரியில். இடையே 6 டிகிரிதான். சிலிக்கான் அந்த இடைவெளியை விரிக்கிறது, அதனால்தான் வார்ப்பிரும்பில் அதைச் சேர்க்கிறோம். அடிப்படையில் கிராஃபைட்தான் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தரவுத்தளம் சொல்லிவிடுகிறது. மெல்லிய விளிம்பில் சில் அடித்து, அதாவது சட்டென்று குளிர்ந்து, கார்பைடு ஏன் வந்தது என்பதை அது சொல்லாது, ஏனென்றால் அதன் கணக்கு 0 கெல்வினுக்கு உரியது. குளிரும் வேகம் என்ற ஒன்றே அதில் இல்லை. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். சிலிக்கானின் பேண்ட் கேப் (மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) நிஜத்தில் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட், பி.பி.இ. என்ற வழக்கமான தோராயக் கணக்கில் ஏறக்குறைய 0.6 என்று வரும். அந்த முறையின் குணமே குறைத்துக் காட்டுவது என்று விளக்கப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு எடுத்தால் தரவு தங்கம்.

பைகால்ஃபாட் வந்த பிறகு, கணக்கில் வெப்பநிலை இல்லை என்ற குறை பெருமளவு தீர்ந்தது. வெப்பநிலையோடு ஃபேஸ்கள் (உலோகத்துக்குள் இருக்கும் தனித்தனி அமைப்புகள்) எப்படி மாறும் என்பதைக் கணக்கிடும் பைத்தான் தொகுப்பு இது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஓடிஸ், ஜி-குய் லியூ ஆகியோரின் உழைப்பில் வளர்ந்தது. கணக்கில் எந்தெந்த ஃபேஸ் இருக்கலாம் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் கிராஃபைட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் கார்பைடு பக்கத்து வரைபடம் வந்துவிடும், சேர்த்துவிட்டு ஓட்டினால் கிராஃபைட் பக்கம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சிலிக்கானை ஏற்றி இறக்கிப் பார்ப்பது, இனாகுலேஷன் (கிராஃபைட் உருவாகத் தூண்டும் சேர்ப்பு) பற்றிப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி. குறை என்றால் தரவுக் கோப்புகள்தான். இரும்புக்கான தரமான வணிகத் தரவுத்தளங்கள் பூட்டியே வரும், விலையும் எங்களைப் போன்ற சிறிய லேப்புக்கு எட்டாது. வியன்னாவைச் சேர்ந்த மேட்கால்க் குழு இரும்புக்கான ஒரு கோப்பைத் திறந்த உரிமத்தில் விட்டிருப்பது பெரிய உபகாரம்.

சி.ஓ.டி. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2003-இல் தொடங்கிய திறந்த படிக அமைப்புத் தரவுத்தளம். லிதுவேனியாவின் வில்னியஸ் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். மேற்பரப்பில் ட்ராஸ் (கசடு) வந்து வார்ப்பு ரிஜெக்ட் ஆகும்போது அதைச் சுரண்டிப் பக்கத்துக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்து, ஃபார்ஸ்டரைட்டா (மெக்னீசியம் சிலிகேட்) வேறு மெக்னீசியம் சேர்மமா என்று இதில் ஒப்பிடுகிறேன். அந்த அளவுக்கு இது போதுமானது.

2023 ஜூலையில் எல்கே-99 பரபரப்பு வந்தபோது, இந்தச் சமூகம் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் கண்ணாரப் பார்த்தேன். சாதாரண வெப்பநிலையிலேயே மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) என்று தென்கொரியக் குழு ஒன்று ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வுரை ஏற்றியது. கூற்று பெரியது, ஆனால் செய்முறையை வெளிப்படையாக எழுதியிருந்தார்கள்: லானர்கைட் (ஈயச் சல்பேட் கனிமம்), காப்பர் பாஸ்பைடு, 925 டிகிரி. உலகம் முழுக்க லேப்கள் உலையைப் பற்றவைத்தன. டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் செய்து பார்த்து, மீக்கடத்தல் இல்லை என்று வெளியிட்டார்கள். முடிச்சை அவிழ்த்தது ஒரு எண். மின்தடை 104 டிகிரிக்கு அருகே சடாரென்று விழுகிறது என்று மூல ஆய்வுரையில் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். காப்பர் சல்பைடு தன் அமைப்பை மாற்றிக்கொள்வது அந்த வெப்பநிலையில்தான், அந்தச் செய்முறையில் காப்பர் சல்பைடு பக்கப்பொருளாக வரவே செய்யும். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் குழு கலப்பில்லாத படிகத்தை வளர்த்துக் காட்டியபோது அது மீக்கடத்தி அல்ல, மின்கடத்தாப் பொருள். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் கதை முடிந்துவிட்டது. உலை வெப்பநிலையையும் அந்த 104-ஐயும் எழுதாமல் விட்டிருந்தால் இந்தச் சர்ச்சை வருடக்கணக்கில் இழுத்திருக்கும். அந்தக் கொரியக் குழுவின் முடிவு தவறியது, ஆனால் செய்முறையை எழுதிய விதத்துக்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதே ஆண்டு நவம்பரில், பெர்க்லியின் ஏ-லேப் என்ற தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 58 இலக்குகளில் 41 பொருள்களைத் தயாரித்துவிட்டது என்று 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. லண்டனின் ராபர்ட் பால்கிரேவ், பிரின்ஸ்டனின் லெஸ்லி ஷூப் முதலானோர் எக்ஸ்ரே அளவீடு எதிர்பார்த்த அமைப்போடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பலவற்றில் பொருத்தம் சரியில்லை, அணுக்கள் இடம் மாறிக் கலந்து கிடக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள்களைத்தான் புதியவை என்று எண்ணியிருக்கிறார்கள் என்று 2024-இல் எழுதினார்கள். இந்த விமர்சனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பொருத்தங்களை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

பயன்பாட்டில் சிரமங்களும் உண்டு. ஒரு தரவுத்தளம் தன் ஏ.பி.ஐ.-யை (நம் நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) மாற்றியபோது நான் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. கணக்கிடும் முறை மேம்படும்போது மதிப்புகளும் மாறும். அதனால் ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் போட்டாலும் பதிப்பு எண்ணையும் எடுத்த தேதியையும் சேர்த்துப் போடுவது எங்கள் லேப்பில் இப்போது விதி. உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நாட்யூல் சரியா வரலை, என்ன செய்ய?" என்று போட்டால் பதில் வராது. கெமிஸ்ட்ரி, செக்‌ஷன் கனம், ஊற்றிய வெப்பநிலை, ஸ்கேல் போட்ட படம் என்று போட்டால் எங்கோ இருக்கிற யாரோ உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். தெரியாதவருக்காக இவ்வளவு நேரம் செலவழிக்கிறார்களே என்று எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எனக்குள்ள ஒரே மனக்குறை நம் பக்கத்தைப் பற்றியது. திறந்த தரவில் ஏறக்குறைய எல்லாமே பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் போட்டவை. தினமும் டன் கணக்கில் மெட்டல் ஊற்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம், திருப்பித் தருவது மிகக் குறைவு. டிராயிங்கையும் கஸ்டமர் பெயரையும் வெளியே விட முடியாதுதான். ஆனால் ஒரு ஹீட்டின் (ஒரு முறை உருக்கிய உலோகத்தின்) கெமிஸ்ட்ரியும் எட்ச் செய்யாத ஒரு படமும் எந்த ரகசியத்தை உடைத்துவிடும்? எங்கள் நிர்வாகத்திடம் இதைப் பேசி அனுமதி வாங்கியிருக்கிறேன். கிராஃபைட்டை உருண்டையாக்கும் மெக்னீசியம் ட்ரீட்மென்ட் முடிந்த லேடிலிலிருந்து (உருகிய உலோகம் இருக்கும் கலத்திலிருந்து) ஐந்து நிமிட இடைவெளியில் மாதிரி எடுத்து, ஃபேடிங் ஆக ஆக (மெக்னீசியத்தின் விளைவு மங்க மங்க) கிராஃபைட் எப்படி உருக்குலைகிறது என்பதை வரிசையாகப் படமெடுத்துத் திறந்த உரிமத்தில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் கார்பன், சிலிக்கான், மிச்ச மெக்னீசியம், சல்ஃபர், ட்ரீட்மென்ட் முடிந்த நேரம், ஊற்றிய நேரம், ஊற்றிய வெப்பநிலை, மாதிரியின் கனம், இனாகுலன்ட் அளவு, ஒரு பிக்சலுக்கு எத்தனை மைக்ரான் என்ற பத்திகள் இருக்கும். வேறு பவுண்டரிக்காரர்கள் யாராவது இதே படிவத்தில் தங்கள் படங்களைச் சேர்க்க முன்வந்தால், காலிப் படிவத்தை அனுப்பிவைக்கிறேன்.