டிரிப்சினா, கொலாஜினேஸா? ஆட்டு அட்ரீனலில் ஒரு ஒப்பீடு

"அண்ணே, கிட்னியைக் கொழுப்போடயே குடுங்க" என்று கேட்டால் புதுச்சேரி கறிக்கடையில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தை ஒட்டியுள்ள ஹார்மோன் சுரப்பியான அட்ரீனல் அந்தக் கொழுப்புக்குள்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் அதை எடுத்து வருவது வீண்வேலை.

அட்ரீனல் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்க, அதன் வெளி அடுக்கான புறணியைப் பொடியாக நறுக்குவது வரை எல்லாருக்கும் ஒரே வழி; அதன் பிறகு எந்த நொதியைப் போடுவது, டிரிப்சினா கொலாஜினேஸா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும்: ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்க்கிறவர் சுரப்பியின் மேலுறையைத் தூக்கி எறியக் கூடாது, அதைச் சுரக்கும் செல்கள் உறையோடுதான் ஒட்டியிருக்கும்.

டிரிப்சின் விலை குறைவு, வேகம் அதிகம். புரதத்தில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் எங்கே இருந்தாலும் வெட்டும். கார்டிசால் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஎச் வந்து ஒட்டும் புரதம், அதாவது செல்லின் மேலுள்ள ஏசிடிஎச் ஏற்பிக்கும் விலக்கு இல்லை. முதல் தடவை, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூவில் பெரும்பாலான செல்கள் சாயம் ஏறாமல் நின்றதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். ஏசிடிஎச் ஊற்றினால் கார்டிசால் அசையவே இல்லை! உயிர் இருக்கிறது, காது கேட்கவில்லை. ஏசிடிஎச் சொல்வதைச் செல்லுக்குள் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியின் ஒரு வடிவமான டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி கொடுத்ததும் கார்டிசால் ஏறியது. அது ஏற்பியின் உதவி இல்லாமலே உள்ளே வேலை செய்யும். அதனால் கெட்டது செல் அல்ல, வாசல்தான் என்று தெரிந்தது. ஓர் இரவு வளர்ப்பூடகத்தில் விட்டால் ஏற்பிகள் ஓரளவு திரும்ப வரும். அன்றே சோதனை செய்ய நினைப்பவருக்கு அதனால் பயனில்லை.

கொலாஜினேஸ் குறி வைப்பது செல்களுக்கு இடையிலுள்ள கொலாஜன் பிணைப்பை. 37 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டு, இடையிடையே பிப்பெட்டால் இழுத்து விட வேண்டும்; பொறுமை வேண்டும். விற்கப்படும் கொலாஜினேஸ் வகைகளில் அட்ரீனலுக்கு வழக்கமாகச் சொல்வது வகை 1. ஏற்பி பற்றிய கவலை அதிகமென்றால், டிரிப்சின் போன்ற செயல் குறைந்த வகை 4 நல்லது. கால்சியம் இல்லாமல் இந்த நொதி வேலை செய்யாது. பழக்கதோஷத்தில், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ கலந்த திரவத்தில் கரைத்து ஒரு காலைப்பொழுதைப் பாழாக்கியிருக்கிறேன். சீரம் ஊற்றினால் டிரிப்சின் அடங்கும். கொலாஜினேஸை அப்படி நம்ப முடியாது, கழுவித்தான் வெளியேற்ற வேண்டும்.

எதைப் போட்டாலும் உடைந்த செல்களின் டிஎன்ஏ வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி கொஞ்சம் போதும், அதற்குத் தேவையான மெக்னீசியத்தை மறக்காமல்.

என் ஓட்டு கொலாஜினேஸுக்கு. ஆனால் அது பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் கலவை. லாட்டுக்கு லாட் குணம் மாறும். அதனால் புது லாட் வந்தால் முதலில் ஒரே ஒரு சுரப்பியில், ஏசிடிஎச் கொடுத்தும் கொடுக்காமலும் கார்டிசால் அளந்து பார்க்கிறேன். செல் எண்ணிக்கையை அப்புறம்தான் பார்ப்பேன்.