டீசலா, பெட்ரோலா, ஹைப்ரிடா? பெரிய டிரெய்லர் இழுக்க எந்த எஞ்சின்

டிரெய்லர் இழுக்கப் பெரிய வண்டி வாங்கப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எது நல்லா இழுக்கும்னுதான். நேரா சொல்லிடறேன், மூணுமே இழுக்கும். வருஷத்துல எத்தனை நாள் இழுக்கப் போறீங்க, மிச்ச நாள் அந்த வண்டிய வெச்சு என்ன பண்ணப் போறீங்க, இத யோசிச்சாலே பாதி குழப்பம் தீர்ந்துடும், ஆனா டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை) நம்பரப் பாத்து மயங்கி நிக்கற நேரத்துல இத யாரும் யோசிக்கறதில்ல, நானும் யோசிக்கல.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். வண்டியும் ஆளும் சேந்து 2.7 டன், பின்னாடி 3.3 டன் டிரெய்லர், மொத்தம் 6 டன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறற ஏத்தத்துல 90 கிலோமீட்டர் வேகம் குறையாம போகணும்னா, மேல தூக்கறதுக்கு மட்டும் 88 கிலோவாட் ஆகும், காத்தக் கிழிக்க ஒரு 40, டயர் உருள 15, ஆக மொத்தம் 140 கிலோவாட் சொச்சம், அதாவது 190 குதிரைசக்தி. இன்னிக்கு வர்ற எந்தப் பெரிய பிக்கப்பும் இதத் தந்துடும். அந்த 190-ஐ எந்த ரெவ்ல (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கற கணக்கு), எவ்வளவு நேரம் விடாம தர்றதுங்கறதுலதான் வித்தியாசம்.

டீசல் இதுல ராஜா, சந்தேகமே வேண்டாம். ஃபோர்டு சூப்பர் டியூட்டில வர்ற 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் ஹை அவுட்புட் எஞ்சின் 1600 ரெவ்லயே 1627 நியூட்டன் மீட்டர் டார்க் தருது, அதே வண்டியோட 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) தர்றது சுமார் 650 தான், அதுவும் நல்லா முறுக்கினப்பறம். அதனால மேல சொன்ன ஏத்தத்துல டீசல் 1800 ரெவ்ல பாதி பலத்தோட முனகிக்கிட்டு ஏறும், பெட்ரோல் கியர் எறங்கி ரெவ்வ ஏத்திக்கிட்டுக் கத்தும். கத்தறதால எஞ்சின் கெட்டுடும்னு நினைக்காதீங்க, அது அப்படி ஓடறதுக்குன்னே செஞ்சதுதான், காதுக்குத்தான் கஷ்டம். ஒரு மணி நேரம் மலை ஏறினா பின் சீட்ல இருக்கறவங்க மூஞ்சி மாறிடும், அவ்வளவுதான்.

உயரமான இடத்துக்குப் போனா கதை வேற. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் பத்து சதவீதம் போல பலத்த இழக்கும், 2500 மீட்டர்ல கால்வாசி காணாமப் போயிடும். டர்போ இருக்கற எஞ்சின், டீசலோ பெட்ரோலோ, காத்த அமுக்கி உள்ள தள்றதால பெருசா திணறாது. மலைப்பிரதேசத்துல அடிக்கடி இழுக்கறவங்க டீசலா பெட்ரோலான்னு பாக்கறதுக்கு முன்னாடி டர்போ இருக்கா இல்லையான்னு பாருங்க.

ஆனா டர்போ பெட்ரோல்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. காலி வண்டியா ஓட்டும்போது சின்ன வி6 மாதிரி சமத்தா குடிக்கும், லோடு மாட்டி மிதிச்சா எஞ்சின் தன்னைக் குளுமையா வெச்சுக்கறதுக்காகவே கூடுதலா பெட்ரோல ஊத்தும், மைலேஜ் அதலபாதாளத்துக்குப் போயிடும். டீசல்ல அந்தப் பழக்கம் இல்ல, எப்பவும் தேவைக்கு மேல காத்த வெச்சுக்கிட்டு எரிக்கற எஞ்சின் அது, அமுக்க விகிதமும் ஜாஸ்தி, எரிபொருள்லயே லிட்டருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல சக்தி அதிகம். அதனாலதான் லோடு ஏற ஏற டீசலுக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல மைலேஜ் இடைவெளி பெருசாகிட்டே போகுது.

இப்ப ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோட மின் மோட்டாரும் பேட்டரியும் சேந்த வண்டி. இதப் பத்திதான் ஜனங்க ரொம்பத் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க, கொஞ்சம் விலாவாரியா பாக்கலாம்.

ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட்ல 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6-க்கும் பத்து கியர் பெட்டிக்கும் நடுவுல 35 கிலோவாட் மோட்டார் ஒண்ணு இருக்கு, பேட்டரி 1.5 கிலோவாட் அவர். ரெண்டும் சேந்து 430 குதிரைசக்தி, 773 நியூட்டன் மீட்டர். டொயோட்டா டண்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் 437 குதிரைசக்தி, 790 நியூட்டன் மீட்டர், அதோட பேட்டரி 1.87 கிலோவாட் அவர். காகிதத்துல பாத்தா சின்ன டீசல விட இதுங்க மேல, ஜிஎம்மோட 3 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல் 671 நியூட்டன் மீட்டர்தான். ஆனா பேட்டரி அளவ மோட்டார் பலத்தால வகுத்துப் பாருங்க, 1.5-ஐ 35-ஆல வகுத்தா ரெண்டரை நிமிஷம். அதுவும் பேட்டரிய அடி வரைக்கும் வழிச்செடுத்தா, எந்தக் கம்பெனியும் அப்படி எடுக்க விடாது. அதாவது நீளமான ஏத்தத்துல ரெண்டு நிமிஷத்துக்குள்ள மோட்டார் கழண்டுக்கும், அப்பறம் நீங்க ஓட்டறது வெறும் பெட்ரோல் டர்போ வண்டி, கூடவே பேட்டரி மோட்டார் எடையையும் சுமந்துக்கிட்டு.

எறக்கத்துலயும் இதே கணக்குதான். 6 டன் வண்டி 600 மீட்டர் உயரம் எறங்கினா கிட்டத்தட்ட 10 கிலோவாட் அவர் சக்தி வெளிய வரும், காத்தும் டயரும் பாதிய தின்னாலும் மிச்சம் 4, 5 இருக்கு, பேட்டரில எடம் ஒண்ணரைக்குத்தான். மலையோட முதல் வளைவுகள்லயே பேட்டரி ரொம்பிடும், அதுக்கப்பறம் கியரக் கொறச்சு எஞ்சின் பிரேக்லதான் எறங்கணும். எறக்கத்துல டீசலோட எக்ஸாஸ்ட் பிரேக்க அடிச்சுக்க ஆளே இல்ல, டர்போவோட எதழ்கள மூடிப் புகைய அடைச்சு வண்டிய இழுத்துப் பிடிக்கும், பெரும்பாலும் கால பிரேக்ல வெக்காமயே மலை எறங்கிடலாம். பெட்ரோல் எஞ்சினும் கியர் எறக்கினா ஓரளவு பிடிக்கும், ஆனா மறுபடி அந்தக் கத்தல்.

அப்ப ஹைப்ரிட் வேஸ்ட்டா? இல்லவே இல்ல. நின்ன எடத்துல இருந்து லோடோட கெளம்பும்போது டர்போ முழிச்சுக்கறதுக்குள்ள மோட்டார் தள்ளி விட்டுடும், மேடும் பள்ளமுமா இருக்கற ரோட்ல எறக்கத்துல சேத்தத அடுத்த மேட்டுல செலவு பண்ணும், ஊருக்குள்ள காலியா ஓட்டும்போதுதான் உண்மையான லாபம். பவர்பூஸ்ட்ல 7.2 கிலோவாட் வரைக்கும் பிளக் மாட்டி எடுத்துக்கலாம், டிரெய்லருக்குத் தனி ஜெனரேட்டர் தேவையே இல்ல, எனக்குக் கேட்டா அந்த வண்டிய வாங்கறதுக்கு அதுவே பாதிக் காரணம். இழுவைத் திறன் மட்டும் அதே வண்டியோட ஹைப்ரிட் இல்லாத மாடல விடக் கொறைவா இருக்கும், 2021 எஃப்-150-ல சாதா 3.5 டர்போவுக்கு 6350 கிலோ, ஹைப்ரிடுக்கு 5760. டண்ட்ராலயும் அதே கதை. பிளக் போட்டு சார்ஜ் ஏத்தற பிக்கப்ல எல்லாத்தையும் ஒரே தராசுல வெக்க முடியாது, 2024-ல வந்த பிஒய்டி ஷார்க் 2500 கிலோவோட நின்னுடுச்சு, ஃபோர்டு ரேஞ்சர் பிளக்-இன் தன்னோட டீசல் அண்ணனுக்குச் சமமா 3500 இழுக்குது.

சரி, டீசல் இவ்வளவு நல்லதுன்னா எல்லாரும் அதையே வாங்கிடலாமே? இங்கதான் அந்த இழுக்காத நாள் வருது.

இப்ப வர்ற டீசல்ல புகைக் குழாய்ல ஒரு ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப்னு சொல்வாங்க, கரியப் பிடிச்சு வெச்சுக்கும், அப்பப்ப 600 டிகிரிக்குப் பக்கத்துல சூடாக்கி அத எரிச்சுத் தள்ளும். ஹைவேல லோடோட போற வண்டிக்கு இது நடக்கறதே தெரியாது. தெனமும் பள்ளிக்கூடம், கடை, ஆபீஸ்னு பத்து பத்து நிமிஷம் ஓடற வண்டிக்கு சூடே ஏறாது, பாதில எரிக்க ஆரம்பிச்சு பாதில நிறுத்தும், எரிக்கறதுக்காக ஊத்தின டீசல் எஞ்சின் ஆயில்ல போய்க் கலக்கும், டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தா ஆயில் அளவு கூடியிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வருஷத்துல ரெண்டே ரெண்டு டிரிப்புக்காக 'ஒரு டன்' வகைப் பெரிய டீசல் பிக்கப் வாங்கி மிச்ச நாள் எல்லாம் ஊருக்குள்ள உருட்டினாரு, டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு அணைஞ்சு நான் பாத்ததே இல்ல.

அதோட புகைய சுத்தம் பண்ற யூரியா திரவம் வேற தனி டேங்க்ல ஊத்தணும், தீந்தா பல வண்டில கம்ப்யூட்டர் வேகத்தைக் கட்டிப் போட்டுடும், மைனஸ் 11 டிகிரில அது ஒறஞ்சும் போயிடும் (வண்டியே சூடாக்கிக்கும், பயப்பட வேண்டாம்). குளிர்ல டீசலே மெழுகாயிடும், குளிர்கால டீசல்தான் போடணும். ஆயில் 11, 12 லிட்டர் பிடிக்கும், பெட்ரோல் வி8-க்கு 7, 8 போதும், டீசல் ஃபில்டர் தனி. ஹை பிரஷர் பம்ப் உள்ள தேஞ்சு உடைஞ்சா உலோகத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போயி மொத்த எரிபொருள் சிஸ்டத்தையும் மாத்த வேண்டி வரும், அந்த பில்ல பாத்தா தலை சுத்தும். பெட்ரோல்ல இந்தத் தலைவலி எதுவும் இல்ல. பழைய பாணி பெரிய வி8, டர்போ கூட இல்லாதது, ரெண்டு மாசம் சும்மா நிறுத்தி வெச்சு சாவி போட்டாலும் ஒண்ணும் சொல்லாம கெளம்பும்.

இன்னொண்ணு, பேலோட், அதாவது வண்டி மேலயே ஏத்தக்கூடிய சுமை. இதத்தான் கடைக்காரர் வாயே தொறக்க மாட்டார். டீசல் எஞ்சின் அதே வண்டியோட பெட்ரோல விட நூத்துக்கணக்கான கிலோ கனம், அந்த எடை நீங்க ஏத்தற சுமைலதான் கழியும். அமெரிக்கால 'முக்கால் டன்'னு சொல்ற வகை டீசல் டிரக் ஒண்ணுக்கு மொத்த எடை வரம்பு 4536 கிலோன்னு வெச்சுக்குங்க, சுமைக்கு மிச்சம் ஒரு டன் இருக்கலாம். 5500 கிலோ ஃபிஃப்த் வீல் டிரெய்லரோட (பிக்கப்போட பின் தொட்டிலயே மாட்டற வகை) இருபது சதவீதம் வண்டி மேல ஒக்காரும், அதுவே 1100 ஆச்சு, குடும்பமும் கூலரும் எங்க ஏறும்? விளம்பரத்துல 8 டன் இழுக்கும்னு போட்டிருப்பாங்க, பொய்யில்ல, ஆனா டிரைவர் கதவத் தெறந்தா தூண்ல ஒட்டியிருக்கற லேபிள் வேற நம்பர் சொல்லும். அங்க பெட்ரோல் டிரக் ஜெயிச்சுடும், டார்க் கம்மின்னாலும்.

விளம்பர இழுவை நம்பரையும் சும்மா தள்ளிடக் கூடாது. எஸ்ஏஇ ஜே2807-னு இழுவைத் திறன அளக்கற ஒரு அமெரிக்க சோதனை முறை இருக்கு, அரிசோனால டேவிஸ் டேம் ஏத்தத்துல 11.4 மைல், ஏசி முழுசா போட்டுக்கிட்டு, கொளுத்தற வெயில்ல, மணிக்கு 40 மைலுக்குக் கீழ எறங்காம ஏறணும். ஆனா வெறும் 40 மைல் (64 கிலோமீட்டர்)! அந்த நம்பர முழுசா நம்பி மலைக்குப் போறவங்க பின்னாடி எவ்வளவு வண்டி வரிசை கட்டும்னு பாத்துக்குங்க.

எனக்குக் கேட்டா, மாசத்துல நாலு நாளாவது 4 டன்னுக்கு மேல இழுக்கறவங்க, அதுவும் மலைல, டீசல் எடுங்க, யோசிக்கவே வேண்டாம். வருஷத்துக்கு அஞ்சாறு டிரிப், கனமான டிரெய்லர், மிச்ச நாள் வண்டி சும்மா நிக்கும்னா பெரிய பெட்ரோல் வி8. தெனமும் ஓட்டற வண்டியே அதுதான், டிரெய்லர் 3 டன்னத் தாண்டாது, ஏத்தம் எல்லாம் சின்னச் சின்னது, அப்ப ஹைப்ரிட் நல்லாவே இருக்கும். நடுவுல நிக்கறவங்களுக்கு டர்போ வி6 பெட்ரோல் பரவாயில்ல, மைலேஜப் பத்திக் கனவு காணாம இருந்தா சரி.

எதுக்கும் முடிவு பண்றதுக்கு முன்னாடி டிரெய்லர்ல தண்ணி, கேஸ், துணிமணி எல்லாம் ஏத்தி ஒரு எடை மேடைல நிறுத்திப் பாருங்க. கம்பெனி சொன்ன காலி எடைக்கும் மேடை சொல்ற எடைக்கும் எனக்கு 400 கிலோ வித்தியாசம் வந்துச்சு, அதுக்கப்பறம்தான் பாத்து வெச்சிருந்த வண்டியையே மாத்தினேன்.