கட்டையில் வளர்ந்த ஓர்க்கிட்டுக்கு ஓட்டை மண்சட்டி

மரக்கட்டையில் கட்டி வளர்த்த ஓர்க்கிட்டைச் சட்டிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட சிவப்பு மண்சட்டியைத் தேடி வாங்குங்கள். பத்தரமுல்லை தியத்த உயன பூங்காவில் பூங்கன்று விற்கும் கடைகளில் நான் எடுத்தது 8 அங்குலச் சட்டி. கம்பனிப் பெயர் எதுவும் இல்லாத சாதாரணக் குயவர் வேலை. பிளாஸ்டிக் சட்டியைவிட விலை கூட, பாரமும் கூட. கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தைப் பல்கனிக்கு அந்தப் பாரம் நல்லதுதான்.

செடி, தெஹிவளை மாமி வீட்டு முற்றத்தில் ஒரு மாமரக் கட்டையைப் பற்றிக்கொண்டு வளர்ந்த கட்லியா வகை ஓர்க்கிட். மாமி வீட்டை விட்டுப் போகும்போது, "இதை நீதான் பார்க்கவேணும் பிள்ளை" என்று என்னிடம் தந்தார். கட்டைச் செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். பகல் முழுக்க வேலையில் இருப்பவர்களால் அது முடியாது. மத்தியானக் காற்று வேரைக் காய வைத்துவிடும், அதில் கடல் உப்பும் படியும்.

ஆனால் காற்றில் வளர்ந்த வேரை ஈரமான சட்டிக்குள் திணித்தால் அழுகிவிடும். ஓர்க்கிட் வேரின் வெளிப்பக்கம் பஞ்சு மாதிரி ஓர் உறை. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. தண்ணீரை உறிஞ்சுவது இந்த உறைதான். நனைந்தபின் அது காற்றுப் பட்டுக் காயவும் வேண்டும். ஓட்டைச் சட்டியின் அருமை இங்கேதான் விளங்கும். கீழும் பக்கமும் காற்றுப் போகும், மண்சுவரும் ஈரத்தை இழுத்து வெளியே விடும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஊற்றும்போது இது பெரிய ஆறுதல்.

வேரைக் கட்டையிலிருந்து உரிக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. மரப்பட்டையோடு ஒட்டிய வேரை இழுத்தால் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் நூல் போன்ற நடுவேர் மட்டும் மிஞ்சும். அதனால் செடியைக் கட்டையோடு அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்தேன். வேர் இளகி வளையத் தொடங்கியதும், வேர் இல்லாத பக்கத்தில் கட்டையை வாளால் அரிந்து சிறிதாக்கி, அப்படியே சட்டிக்குள் இறக்கினேன். தானாகக் கழன்ற வேர்களை மட்டும் உள்ளே விட்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்தவற்றை ஓட்டை வழியாகவும் விளிம்புக்கு மேலாகவும் அவற்றின் போக்கிலேயே விட்டுவிட்டேன். சுற்றிலும் பெரிய சிரட்டைக் கரித் துண்டுகளும், ஊறவைத்துக் கழுவிய தேங்காய்ப் பொச்சுத் துண்டுகள் கொஞ்சமும். மண் கிடையாது, தும்புத்தூளும் வேண்டாம்.

அப்புறம், பக்க ஓட்டைகள் வழியாக நைலோன் கயிற்றைக் கோர்த்துக் கட்டையை இறுக்கிக் கட்டலாம். செடி ஆடினால் புதுவேரின் நுனி உரசி நின்றுவிடும், ஆகவே இதைத் தவறவிடக் கூடாது. பிளாஸ்டிக் சட்டியில் இதற்குத் தனியாகக் கம்பி தேடவேண்டும்.

முறிந்த வேர் இருந்தால் நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் மட்டும் கறுவாத் தூள் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அது காய்ந்துபோகும். காயம் ஆறும்வரை சில நாட்கள் சட்டிக்குத் தண்ணீர் விடாமல் இலைக்கு மட்டும் தெளித்தால் போதும். புதுக் குருத்தின் அடியில் வேர் முளை எட்டிப் பார்க்கும் காலத்தில்தான் மாற்றவேண்டும். அந்தப் புதுவேர்கள் ஆரம்பத்திலிருந்தே சட்டிக்குப் பழகி வளரும். என் கட்லியாவில் இப்போது மூன்று ஓட்டைகளால் பச்சை நுனிகள் தலைநீட்டியிருக்கின்றன!

குறைகளையும் சொல்லவேண்டும். ஓட்டைகளின் உட்புற விளிம்பு கரடுமுரடாக, சில இடங்களில் கூராகவே இருக்கிறது. செடி வைப்பதற்கு முன் அரத்தால் ராவுங்கள், இல்லையென்றால் வேர் வெட்டுப்படும். வெளிச்சுவரில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இடைக்கிடை தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவவேண்டும். வேர் மண்சுவரோடும் ஒட்டிக்கொள்ளும், அடுத்தமுறை மாற்றும்போது சட்டியை உடைத்து, ஓட்டுத் துண்டோடுதான் எடுக்க நேரும். உள்ளே இருக்கும் கட்டையும் மெல்ல உக்கும். அதற்குள் புதுவேர்கள் சட்டியைப் பிடித்துவிடும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

6 அங்குலச் சட்டியும் இருக்கிறது. ஆனால் ஓட்டைகள் குறைவு, கட்டையோடு இறக்க இடமும் போதாது. வண்டா வகை ஓர்க்கிட் வைத்திருப்பவர்களுக்கு மரச்சட்டக் கூடையே நல்லது, இந்தச் சட்டி தேவையில்லை.