கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: ஸ்டென்ட்டா, ஆபரேஷனா?

லீவில் கீழக்கரை வந்த எனக்கு இந்தத் தடவை பாதி நாள் மதுரை ஆஸ்பத்திரிகளிலேயே போய்விட்டது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிறோம், பெரியவர்கள் மட்டும் இங்கே இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு 74 வயது. சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு வலது கையில் டீ கிளாஸ் நிற்கவில்லை, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. உம்மா பித்தம் என்றார்கள், பக்கத்து வீட்டு மாமா வெயில் என்றார். அதுதான் சரியாகிவிட்டதே என்று மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மேலே போனால் இப்படி வரும். சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டிவிட்டுத் தெளியும். பெரிய பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கை அது.

ராமநாதபுரத்தில் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் கிடைத்தது. கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்தும்போது உஷ் உஷ் என்று ரத்த ஓட்டம் கேட்டது, இடது பக்கம் வந்ததும் அது கீச்சென்று மாறியது, ஸ்கேன் எடுத்தவர் அங்கேயே கையை நிறுத்திவிட்டார். 80 சதவீத அடைப்பு. பரமக்குடி வழியாக மதுரைக்குக் கிளம்பினோம்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்த கையோடு, "ஸ்டென்ட் வெச்சிடலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு, அடைத்த இடத்தை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். வேறு வழி இருக்கிறதா என்றால் தேவையில்லை என்று பதில். எனக்குக் கோபம் இங்கேதான். கழுத்தைத் திறந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் எண்டார்டெரெக்டமி என்ற ஆபரேஷன் எத்தனையோ வருஷமாக நடக்கிறது, அதன் பெயரைக்கூட எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த ரத்தக்குழாய் சர்ஜன் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் 2,500 பேருக்கு மேல் இரண்டு முறையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் வந்தது ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3. மாரடைப்பு அதற்கு நேர்மாறு, ஸ்டென்ட்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. சுமார் 70 வயதுக்கு மேல் ஆபரேஷன் பக்கம் தராசு சாய்கிறது, ஏனென்றால் வயதானவர்களுக்குக் குழாய் வளைந்து சுண்ணாம்பு படிந்திருக்கும், உள்ளே கம்பி போகும்போதே துணுக்கு உடையலாம். இதயம் பலவீனமாக இருந்தாலோ, கழுத்தில் முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ ஸ்டென்ட்தான் நல்லது என்றும் அவரே சொன்னார். வாப்பாவின் எக்கோ (இதய ஸ்கேன்) நன்றாக இருந்தது, ஆபரேஷன் என்று முடிவு செய்தோம்.

எடுத்த கொழுப்பைச் சின்ன பாட்டிலில் காட்டினார்கள், மஞ்சளாக, கட்டியாக, குழாயின் வடிவத்திலேயே இருந்தது. வாப்பாவுக்கு உதட்டோரம் லேசாகக் கோணியிருக்கிறது, தாடைக்குக் கீழே மரத்திருக்கிறது. கழுத்து நரம்பு இழுபடுவதால் வருவது, பெரும்பாலும் போகப்போகச் சரியாகும் என்றார்கள். இதையும் முன்னாடியே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால் நாள் தள்ளாதீர்கள், அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். இரண்டு முறையையும் செய்கிற இடமா என்று கேளுங்கள், அந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது என்று நேராகவே கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு, அதே மாதிரி ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் குறைந்தது நாலு வாரம் விடாமல் போட வேண்டும். எதைச் செய்தாலும் ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, பிரஷர் மாத்திரை தொடரத்தான் வேண்டும், பீடி சிகரெட் அறவே கூடாது. அப்புறம், டாப்ளர் ரிப்போர்ட், சிடி, பழைய ஈசிஜி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் சேர்த்து.