விண்மீன் பயண வகுப்பு: தராசுக் கேள்வி மட்டும் பாக்கி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு டியூஷன் மையம் நடத்திய, விண்மீன்களுக்கிடையிலான மின்காந்தப் பயணம் பற்றிய நான்கு ஞாயிறு வகுப்புகளுக்கு, படிவம் நான்கில் பயிலும் என் மகளுடன் நானும் சென்று வந்தேன். கட்டணம் ஆளுக்கு 40 வெள்ளி. குளிர்சாதனம் பாதி நேரம் ஓடவில்லை என்பதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

முதல் நாளிலேயே ஆசிரியர், "எதைப் பின்னால் தள்ளி முன்னால் போகிறோம்?" என்று பலகையில் எழுதினார், நான்கு வாரமும் அதை அழிக்கவில்லை. வினாடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் 1 விண்கலம், 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி அளவுக்குப் போக ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கும், செனான் அயனிகளை மின்புலத்தால் வெளியேற்றி நகர்ந்த டான் விண்கலமும் அந்தக் கேள்விக்குப் பொருத்தமான தொடக்கமாக அமைந்தன.

இரண்டாம் வகுப்புக்கு மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். விண்வெளியில் சிதறிக் கிடக்கும் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தால் வாரி எடுத்து எரிபொருளாக்கலாம் என்று ராபர்ட் பஸ்ஸார்ட் 1960இல் முன்வைத்த எண்ணத்தை விளக்கிய ஆசிரியர், 1980களின் பிற்பகுதியில் டேனா ஆண்ட்ரூஸும் ராபர்ட் சுப்ரினும் அத்தகைய காந்த வலையைக் கணக்கிட்டபோது, அது கலத்தை உந்துவதைவிட இழுத்து நிறுத்துவதே அதிகம் என்று கண்டதையும், அந்தத் தோல்வியையே மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) கம்பி வளையத்தாலான காந்தப்பாயாக மாற்றி, எரிபொருள் செலவின்றி வேகத்தைக் குறைக்கும் வழியாக்கியதையும் படிப்படியாக வரைந்து காட்டினார். போவதைப் பற்றியே பேசுகிறவர்களுக்கு நடுவே, போய்ச் சேர்ந்தபின் எப்படி நிற்பது என்று கேட்டவர் இவர்தான். ஒளியை மட்டுமே உமிழ்ந்து ஒரு நியூட்டன் விசை பெற 300 மெகாவாட் வேண்டும் என்ற மூன்றாம் வார வகுப்பு சுருக்கமாக முடிந்தது.

குறை நான்காம் வாரத்தில்தான். மூடிய உலோகப் பெட்டிக்குள் நுண்ணலைகளை அடைத்தால், எதையும் வெளியே தள்ளாமலே விசை பிறக்கும் என்றும், அது தராசில் தெரிந்தது என்றும் சொல்லப்பட்ட எம்டிரைவ் கருவியை ஆசிரியர் "இன்னும் அவிழாத புதிர்" என்றார். பலகையிலிருந்த கேள்வியை அவரே மறந்துவிட்டார் போலும். அப்போது கடைசி வரிசையில் இருந்த, முன்னாளில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி, "வாத்தியாரே, நிறுத்துப் பார்த்த தராசு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். பாலை நிறுக்கும் தோட்டக் கணக்கரான கிராணியின் தராசுக்கு முன் வாளியுடன் நின்றவருக்கல்லவா இந்த ஐயம் முதலில் எழும்! ஆசிரியரோ நேரமாகிவிட்டது என்று சிரித்து முடித்துவிட்டார்.

பதில் இருக்கிறது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் தஜ்மார் (Martin Tajmar) என்பவரின் குழு 2021இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கருவி சூடேறும்போது தராசுடன் இணைக்கப்பட்ட பகுதிகள் சற்றே நகர்ந்ததுதான் உந்துவிசையாகத் தெரிந்தது. தொங்கவிடும் முறையை மாற்றியதும் அந்த விசை காணாமற்போனது.

அடுத்த தொகுதிக்கும் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பாட்டியிடம் மட்டும் மையம் கட்டணம் வாங்காதிருப்பது நியாயம்.